வேங்கடம் கடந்தோர் வீடுகள்: சவ்வாது மலையும் சிறைச்சாலையும்

அகத்திணை மரபில் பிரிவுக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் எளிய மக்களின் இல்லறத்தை மிகுதியும் தீண்டுவது பொருள்வயிற் பிரிவே. இல்லத்தில் இருப்போரைக் காக்கும் பொருட்டு இல்லத்தையே விட்டு நீங்க வேண்டிய நிலை அது. அவ்வாறு நீங்கிய தலைவன் செல்லும் வழியாகச் சங்கச் சான்றோர், சிறப்பாக மாமூலனார், பன்முறை காட்டுவது புல்லி என்னும் குறுநிலத் தலைவனுக்குரிய வேங்கட மலை. அதற்கு அப்பால் மொழி வேறு, மக்கள் வேறு. அம்மலையைக் கடந்தவன் எப்போது மீள்வான் என்று வாயில் பார்த்திருப்பவளின் ஏக்கமே பாலைப் பாட்டின் உயிர்.

ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பிரிவு ஓயவில்லை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் சவ்வாது மலையிலிருந்தும், அதன் கீழ்த்திசை அடிவாரத்துக் கண்ணமங்கலம் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் பொருள் தேடி வேங்கடத்துக்குப் போன ஆடவர் பலர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சங்கத் தலைவன் கார்ப்பருவத்தில் மீள்வதாகச் சொல்லிப் போனான். சொன்ன பருவம் பொய்த்தாலும், எண்ணிக் காத்திருக்கப் பருவம் ஒன்று இருந்தது. செம்மர வழக்கில் சிறைப்பட்டவன் மீளும் நாளை அவன் மனைவிக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லத்தக்கவர் எவருக்கும் அது தெரிந்திருக்கவுமில்லை. தண்டனையின் நீளத்தைக் காட்டிலும் இந்த நாளறியாமையே ஒரு குடும்பத்தையும், பின்னர் ஓர் ஊரையும் குலைக்கிறது. சவ்வாது மலையின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது.

மலையும் மக்களும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் அமைந்த பேரூர் கண்ணமங்கலம். அமிர்திக் காட்டிலிருந்து இறங்கிவரும் நாகநதி இவ்வூர்ப் பக்கமாக ஓடுகிறது. தெற்கே சந்தவாசலும் படவேடும் போளூரும்; மேற்கே மலை. காட்பாடி – விழுப்புரம் இருப்புப்பாதையில் இவ்வூருக்கு ஒரு நிலையமும் உண்டு. மலையில் விளைந்த சாமையும் புளியும் பலாவும் கடுக்காயும் தேனும் இறங்கிவரும் துறைகளுள் ஒன்றாகவும், உப்பும் துணியும் ஏறிச்செல்லும் துறையாகவும் இவ்வடிவாரம் நெடுங்காலம் விளங்கியது. பிற்காலத்தில் மலையின் ஆடவர் கூலிக்கு இறங்கிச் செல்லும் வழியாகவும் இது அமைந்தது.

இம்மலைநாடு தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், கூத்தரை மலைவழிகளில் ஆற்றுப்படுத்திச் செல்லும் நூல். வழி தெரியாதவருக்கு வழி காட்டியும், வந்தவருக்குத் தினைச்சோறு இட்டும் ஓம்பிய மலைவாழ் குடிகளை அதில் காணலாம். இன்று மலைமேல் வாழ்வோர் பெரும்பான்மையும் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் அவ்வாறிருப்பினும் அவர்தம் மொழி தமிழே. மலையை ஆள்வோர் என்பதே அப்பெயரின் பொருள். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி மலை ஆகியவற்றிலும் இம்மக்கள் வாழ்கின்றனர்.

சவ்வாது மலை மலையாளிகளின் தோற்றம் பற்றி ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வட ஆர்க்காட்டு மாவட்டக் கையேட்டில் அது பதிவாகியுள்ளது. பின்னர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இடம்பெற்றது. கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். மறுக்கப்படவே, பெண்கள் எழுவரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க வேளாளர் எழுவர் நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் தனியே திரும்பினால் தாங்கள் இறந்ததாகக் கொண்டு இறுதிச் சடங்கு செய்துவிடுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி வழியில் ஊர் திரும்பிவிட்டன. மனைவியர் கைம்மைக் கோலம் பூண்டனர். ஆடவரோ உயிருடன் மீண்டனர். ஆனால் சடங்கு முடிந்துவிட்டபடியால் அவர்களுக்கு வீட்டில் இடமில்லை. ஆகவே வேடர் குலத்துப் பெண்களை மணந்து மலையேறிப் போனார்கள் என்பது கதை.

இது வரலாறா புனைவா என்னும் ஆய்வு வேறு. பாலாற்றைக் கடந்தவர் திரும்பாதபோது வீட்டார் என்ன செய்வது என்னும் கேள்வி அம்மக்களின் முதற்கதையிலேயே இருப்பது கருதத்தக்கது. காத்திருப்புக்கு அக்கதை ஓர் எல்லை வகுத்தது. அவ்வெல்லையே போனவனின் வீட்டையும் அவனிடமிருந்து பறித்தது.

கோடரி குற்றமான வரலாறு

மலைவாழ் மக்களின் கையிலிருந்த கோடரி எப்போது குற்றக் கருவியாயிற்று என்பதை அறியாமல் அவர்கள் சிறைசென்ற கதையை விளங்கிக்கொள்ள இயலாது.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மலைக்காடுகளை ஒதுக்குக் காடுகளாக வரையறுத்தது. அதுவரை காட்டைத் திருத்திப் புனம் விதைத்தும், விறகும் மூங்கிலும் எடுத்தும் வாழ்ந்தவர்க்கு அவை அரசு தரும் சலுகைகளாயின. ஆயினும் காட்டை வெட்டவும் மரத்தைச் சுமக்கவும் அரசுக்கு ஆள் வேண்டியிருந்தது. கூப்பு எனப்பட்ட வெட்டுப் பகுதிகளில் குத்தகைதாரர்களுக்கும் வனத்துறைக்கும் அக்கூலியாட்களாக வாய்த்தவர் மலைவாழ் மக்களே. செங்குத்தான சரிவில் ஏறவும், மரத்தின் வைரத்தை அறிந்து வெட்டவும், பாரத்தைத் தோளில் சுமந்து இரவிலும் வழி தப்பாமல் இறங்கவும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் பயின்றார்கள்.

சவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்பெற்றது. மலையின் மேற்புறத்துத் திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கும் ஏலமும் நெடுங்காலம் நடைபெற்றன. சந்தனம் எவர் நிலத்தில் வளர்ந்தாலும் அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்னும் நிலை இருந்தமையால், தன் கொல்லையில் நிற்கும் மரம் மலையாளிக்கு வருவாயாகவில்லை. வழக்காக மட்டுமே ஆகக்கூடியதாயிருந்தது. கடத்தல் வணிகர் கொழுக்க, மரமும் அருகியது. அரசுக்கு வெட்டினால் கூலி, வணிகனுக்கு வெட்டினால் குற்றம் என்னும் இரட்டை நிலையில் கோடரி பிடித்த கை மட்டும் மாறவில்லை.

இந்நிலையின் உச்சம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் நிகழ்ந்தது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தோர் இருநூற்றுக்கும் மேற்பட்டவர் அந்த மலையாளிச் சிற்றூரைச் சூழ்ந்தனர். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் என 133 பேர் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் காட்டுக்குள் ஓடி ஒளிந்தனர். வீடுகள் இடிக்கப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன, ஆடுகோழிகள் பறிபோயின. பிணையில் வந்தவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஊர் இல்லை.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் விடாமுயற்சியால் வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்கு மாறியது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பெற்ற 269 பேரில் உயிருடனிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது; சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அதனை உறுதி செய்தது. நீதி வர முப்பத்தோராண்டு ஆயிற்று. தாயோடு சிறை புகுந்த குழந்தை அதற்குள் தானே தாயாகியிருக்கும்.

செம்மரத்தின் அழைப்பு

சந்தனம் அருகிய காலத்தில் வேறொரு மரம் இம்மக்களை அழைத்தது. செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே. சேசாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா ஆகிய மலைகளே அதன் தாயகம். சேசாசலம் என்பது வேங்கடத்தை உள்ளடக்கிய மலைத்தொடர். சீனத்தில் அரண்மனைத் தளவாடங்களுக்கும், சப்பானில் சாமிசென் என்னும் நரம்பிசைக் கருவிக்கும் இம்மரம் நாடப்பட்டது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையில் 1995 முதல் இது இடம்பெற்றுள்ளது. வணிகம் தடைப்படத் தடைப்பட விலை ஏறிற்று. விலை ஏற ஏறக் கடத்தல் பெருகிற்று.

கடத்தலின் அமைப்பு படிப்படியானது. துறைமுகத்தில் ஏற்றுபவன் ஒருவன், அவனுக்குப் பணம் போடுபவன் ஒருவன், வண்டிக்காரன் ஒருவன், ஆள்பிடிக்கும் தரகன் ஒருவன். கடைசிப் படியில் நிற்பவன் மரம் வெட்டிச் சுமப்பவன். சவ்வாது, சித்தேரி, கல்வராயன் மலைகளில் தரகர் வந்து முன்பணம் கொடுத்து ஆள்சேர்த்தனர். ஊரில் ஒரு மாதம் உழைத்தாலும் கிட்டாத தொகை அங்கே சில நாட்களில் கிட்டும் என்று சொல்லப்பட்டது. மரம் வெட்டும் வேலை என்று மட்டும் சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவரும் உண்டு; தெரிந்தே போனவரும் உண்டு. வானம் பார்த்த சாமைக் காட்டை வைத்துக்கொண்டு, மகள் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுபவனுக்கு அவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றியிராது.

2013 டிசம்பரில் சேசாசலக் காட்டில் வன அலுவலர் இருவர் கொல்லப்பட்டனர். பணியிலிருந்தபோது உயிரிழந்த அவ்விருவரின் இல்லங்களும் இருண்டன என்பதை மறத்தலாகாது. அதன்பின் நடந்தது நாடு காணாத அளவிலான கைது. அவ்விரு கொலைகளுக்காக முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் குற்றஞ்சாட்டப்பெற்றனர்; அவருள் 280க்கும் மேற்பட்டவர் தமிழகத் தொழிலாளர். பிணை கிட்டாமல் இரண்டாண்டுகளுக்கு மேல் ஆந்திரச் சிறைகளில் இருந்தனர். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. கொன்றவர் யார் என்பது நிறுவப்படவில்லை. கொல்லப்பட்டோரின் குடும்பங்களுக்கும் அதனால் நீதி கிட்டவில்லை. நூற்றுக்கணக்கான வீடுகளில் இரண்டாண்டுகள் மட்டும் அழிந்துபோயின.

அந்த இரண்டாண்டுகளுக்கு நடுவே 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலத்தில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழகத் தொழிலாளர் இருபதின்மர் மாண்டனர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்தவர் அவர்கள். கண்ணமங்கலத்தை அடுத்த அடிவார ஊர்களைச் சேர்ந்தவரும் அவருள் உண்டு. தாக்கியதால் சுட்டோம் என்றது காவல்துறை. வழியில் பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டனர் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கூறினர். ஆறு உடல்களை எரிக்க மறுத்து உறவினர் நீதிமன்றம் சென்றதால், திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் அவை மறுமுறை உடற்கூறாய்வு செய்யப்பட்டன. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐவர் பிணமாக மிதந்தனர். அவர்கள் கல்வராயன் மலைப்பகுதி கருமந்துறை வட்டாரத்தவர். இறந்தவர்களின் பெயர் ஏடுகளில் வந்தது. சிறையில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

வீடு சிறைப்படும் முறை

ஒருவன் சிறைப்பட்டால் முதலில் வீட்டுக்கு வருவது செய்தியின்மை. வெட்டப் போனவன் எந்தக் காட்டுக்குப் போனான் என்பது வீட்டாருக்குத் தெரியாது. தரகனின் கைப்பேசி அணைந்திருக்கும். உடன் போனவன் ஓடி வந்து சொன்னாலன்றி, அவன் உயிரோடிருப்பதே உறுதியில்லை. கைது செய்தால் உறவினர்க்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெலுங்கு மட்டுமே அறிந்த காவல் நிலையத்திலிருந்து, தொலைபேசி எட்டாத மலைச் சிற்றூருக்கு அவ்வறிவிப்பு வந்து சேரும் வழி அரிது.

அடுத்து வருவது மொழி. முதல் தகவல் அறிக்கை தெலுங்கில் எழுதப்படுகிறது. கைதானவன் கையொப்பமிட்டதோ கைந்நாட்டு வைத்ததோ என்னவென்று அவனுக்கே தெரியாது. வழக்கறிஞர் கேட்பதை மனைவி அறியாள்; மனைவி சொல்வதை வழக்கறிஞர் அறியார். நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளனே பல வேளைகளில் கட்டணத்தை வாங்குபவனாகவும், பொய் நம்பிக்கை விற்பவனாகவும் ஆகிவிடுகிறான். பெரும்பாலும் அவன் முன்பு முன்பணம் கொடுத்த தரகனின் ஆளே. வெளியில் எடுக்கிறேன் என்று அவன் செலவிடும் தொகை முன்பணத்தோடு சேர்ந்து கடனாகிறது. விடுதலையானவன் அக்கடனைத் தீர்க்க மீண்டும் அதே காட்டுக்குப் போக நேரிடுகிறது. சிறை குற்றத்தைத் தடுக்கும் என்னும் பொதுக் கருத்து இவ்விடத்தில் தலைகீழாகிறது.

மூன்றாவது பயணம். கடப்பையிலோ நெல்லூரிலோ இருக்கும் கணவனைக் காண, மலையிலிருந்து இறங்கி, வேலூர் வந்து, பாலாறு தாண்டி, இரவெல்லாம் பயணம் செய்து சிறைவாயிலை அடைய வேண்டும். இரண்டு நாள் கூலி போகும். பயணச் செலவு தனி. கைக்குழந்தையைத் தூக்கிச் செல்வதா விட்டுச் செல்வதா என்பது வேறு. அடையாளச் சான்றில் ஓர் எழுத்து மாறியிருந்தால் திரும்பி வர வேண்டும். உள்ளே விட்டால், கம்பித் தடுப்புக்கு இருபுறமும் பலர் ஒருங்கே கத்திப் பேசும் சில நிமிடங்கள். மாதந்தோறும் சென்றவர் பின்னர் ஆண்டுக்கொருமுறை செல்வர். அதன்பின் அதுவும் நிற்கும். அன்பு குறைந்ததால் அன்று. பேருந்துக் கட்டணம் இல்லாமையால்.

நான்காவது நிலம். சாமை ஆடி மாதத்து மழையை நம்பியது. ஏர் பிடிப்பது ஆண் தொழில் என்னும் வழக்கம் மலையில் வலுவாக உள்ளது. ஆடவன் இல்லாத வீடு உழவுக்கு மாட்டையும் ஆளையும் இரவல் கேட்டுக் காத்திருக்கும். மற்றவர் புனம் உழுது முடிந்தபின் அவளுக்கு முறை வரும். அதற்குள் ஈரம் போய்விடும். ஓராண்டு விதைக்காதவர் மறு ஆண்டுக்கு விதையும் இல்லாதவராவர். இவ்வாறு ஈராண்டில் குடியானவக் குடும்பம் முற்றிலும் கூலிக் குடும்பமாகிறது. மூத்த பிள்ளை உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து நின்று, கேரளத்துக்கோ கருநாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கோ செல்லும் குழுவில் சேர்கிறது.

இவை யாவினும் நுண்ணியது சடங்கு சார்ந்தது. கணவன் உயிரோடிருக்கிறான், ஆகவே அவள் கைம்பெண் அல்லள், கைம்பெண்ணுக்குரிய அரசு உதவித்தொகை இல்லை. கணவன் வீட்டில் இல்லை. ஆகவே நல்ல காரியங்களில் முன்னிற்கவும் அவளைக் கூப்பிடுவாரில்லை. மகளுக்குப் பெண் கேட்டு வந்தால் பரிசம் பேசி முடிக்கத் தந்தை வேண்டும். தந்தை எப்போது வருவார் என்பதற்கு விடை இல்லை. இறந்தவருக்குத் துக்க நாள் உண்டு. வெளிநாடு போனவருக்குத் திரும்பும் நாள் உண்டு. விசாரணைக் கைதியின் வீட்டுக்கு வாய்தா நாள் ஒன்றே உண்டு. அதுவும் தள்ளிப்போவதற்காகவே வருகிறது.

ஊர் சிறைப்படும் முறை

ஒருவர் இருவர் சிறைசென்றால் ஊர் தாங்கும். உறவினர் உழுது கொடுப்பர்; ஊரார் கைம்மாற்றுத் தருவர். ஒரே சிற்றூரில் பலர் ஒருங்கே சிறைப்பட்டால் தாங்குவோரும் தாங்கப்படுவோரும் ஒருவரே ஆகிவிடுகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சிறைகளில் இருப்போர் இருபது இலட்சத்தை ஒட்டியவர். அந்நாட்டு ஆய்வாளர் கண்ட உண்மைகளுள் ஒன்று, சிறைவாசம் நாடெங்கும் சமமாகப் பரவாமல் சில நகர்ப்பகுதிகளில், சிறப்பாகக் கருப்பின மக்கள் வாழும் தெருக்களில் குவிகிறது என்பது. இந்தியாவில் மொத்தச் சிறையாளர் தொகை மக்கள்தொகையை நோக்கக் குறைவே. ஆயினும் ஒரு மலையை, ஒரு குலத்தை மட்டும் நோக்கினால் அக்குவிப்பு இங்கும் உண்டு.

அதைவிட ஆழமானது பெயர். தமிழகத்தில் ஒரு மக்கட்கூட்டத்தையே குற்றப் பெயரால் குறித்த வரலாறு பழையது. 1871இல் வடஇந்தியாவுக்கென இயற்றப்பெற்று, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பெற்ற குற்றப் பழங்குடிச் சட்டம், பிறப்பையே குற்றத்தின் அடையாளமாக்கியது. கைரேகை பதிவு செய்வதை எதிர்த்த பெருங்காமநல்லூர்ப் பிரமலைக் கள்ளர்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பெண் ஒருவரும் மாண்டோருள் அடங்குவர். அசீசு நகர் போன்ற குடியிருப்புகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் அடைக்கப்பட்டனர். சென்னை மாகாணம் 1947இலும், நாடு முழுமையும் 1952இலும் அச்சட்டத்தை நீக்கின.

சட்டம் போயினும் அதன் நோக்கு போகவில்லை. செம்மர நிகழ்வுகளுக்குப் பின் திருப்பதி செல்லும் பேருந்திலும் தொடர்வண்டியிலும் மலைவாழ் தமிழரின் தோற்றமே ஐயத்துக்குரியதாயிற்று. வேங்கடவனைத் தரிசிக்கப் போகிறவனும், கட்டட வேலைக்குப் போகிறவனும் தன்னை மெய்ப்பிக்க வேண்டியவனானான். செம்மரம் வெட்டப் போகும் ஊர் என்னும் பெயர் ஒட்டிக்கொண்டபின், அவ்வூர்ப் பையனுக்குக் கீழ்நாட்டில் வேலை தருவோர் தயங்குவர். பெண் கொடுப்போரும் தயங்குவர். நேர்வழியில் பிழைக்கும் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபடும்போது தரகனின் கதவு மட்டும் திறந்திருக்கிறது.

சட்டம் சொன்னதும் நடந்ததும்

இவற்றுக்கெல்லாம் சட்டத்தில் மருந்து இல்லை என்று சொல்ல முடியாது. 1978இல் மோதிராம் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஏழைக் கொத்தனார் ஒருவரிடம் பத்தாயிரம் ரூபாய்ப் பிணை கேட்டதையும், வேற்று மாவட்டத்துச் சொத்துடையவர் பிணை நிற்க மறுக்கப்பட்டதையும் கண்டித்தார். தமிழரோ மலையாளியோ கன்னடியரோ தொலைதூர ஊர் ஒன்றில் கைதானால் அங்கே சொத்துள்ள பிணையாளை எங்கே தேடுவார் என்று அத்தீர்ப்பு வினவியது. 1979இல் உசைனாரா கத்தூன் வழக்கு, குற்றத்துக்கு உரிய தண்டனைக் காலத்தைவிட மிகுதியாக விசாரணையின்றியே சிறையிலிருந்த பீகார் மக்களை வெளிக்கொணர்ந்தது. உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்தவரைப் பிணையில் விட வேண்டும் என்னும் விதி 2005இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், முதன்முறை குற்றஞ்சாட்டப்பெற்றவருக்கு அது மூன்றிலொரு பங்காகக் குறைக்கப்பட்டது.

எனினும் 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகளே, நால்வரில் மூவர். ஆந்திர அரசோ 2016இல் வனச் சட்டத்தைத் திருத்திச் செம்மரக் குற்றத்தைக் கடுமையாக்கியது. மரத்தைக் காக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இருக்க இயலாது; உலகில் வேறெங்கும் இல்லாத மரம் அது. ஆனால் கடுமை கடைசிப் படியில் நிற்பவன்மீதே முதலில் விழுகிறது. துறைமுகத்தில் ஏற்றுபவனுக்கு வழக்கறிஞரும் பிணையாளும் உண்டு.

விடுதலைக்குப் பின் என்ன என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை. குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றவரின் இழந்த ஆண்டுகளுக்கு ஈடு தரும் பொதுச்சட்டம் எதுவும் இந்தியாவில் இயற்றப்படவில்லை. 2018இல் சட்ட ஆணையம் அதனைப் பரிந்துரைத்தது. பரிந்துரையாகவே அது நிற்கிறது. திருப்பதி நீதிமன்றம் விடுவித்தவர்கள் கையில் கொண்டு வந்தது விடுதலையை மட்டுமே. நிலத்தில் புல் மண்டியிருந்தது, கடன் வளர்ந்திருந்தது, விட்டுப்போன கைக்குழந்தை தந்தையை அறியாமல் ஒதுங்கி நிற்கும் வயதை எட்டியிருந்தது.

இலக்கியம் பார்க்காத பக்கம்

தமிழில் சிறை இலக்கியம் வளமானது. வ.உ.சிதம்பரனார் சிறையிலிருந்தபோது சேம்சு ஆலனைத் தமிழாக்கினார். தம் வாழ்க்கையைச் செய்யுளாக வடித்தார். கண்ணமங்கலத்துக்கு அண்மையிலுள்ள வேலூர்ச் சிறையில் 1921–22இல் இராசாசி நாட்குறிப்பு எழுதினார். அவர்கள் எழுத வல்லவர்கள். எதற்காகச் சிறை புகுந்தோம் என்பதை அறிந்தவர்கள். வெளியே நாடு அவர்களுக்காகக் காத்திருந்தது. பின்வந்த காலத்தில் ச.பாலமுருகனின் சோளகர் தொட்டி, வீரப்பன் தேடுதல் வேட்டையில் சிதைந்த மலைவாழ் குடிகளை எழுதியது. மு.சந்திரகுமாரின் லாக்கப், ஆந்திரத்துக் குண்டூர்க் காவலில் அடைபட்ட தமிழ்த் தொழிலாளரின் துன்பத்தைப் பட்டவரே எழுதிய நூல்.

இவை பெரும்பாலும் சுவருக்கு உட்புறத்தையும் அடிபட்ட உடலையும் காட்டின. சுவருக்கு வெளிப்புறம், அதாவது காத்திருக்கும் வீடு, இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. விந்தை என்னவெனில், தமிழ் அதில்தான் பழுத்த மொழி. காத்திருத்தலுக்கு ஒரு திணையையே வகுத்தது. நாள் எண்ணிச் சுவரில் கோடிட்டவளின் விரல் தேய்ந்ததைப் பாடியது. செவிலியும் தோழியும் அவளோடு பேசுவதற்கு இடம் வைத்தது. கண்ணமங்கலத்து நிலையத்தில் வடக்கே போகும் வண்டிக்குக் காத்திருக்கும் மலைப்பெண்ணுக்கு அத்தோழி இல்லை. அவள் கையிலுள்ள தெலுங்குத் தாளைப் படித்துச் சொல்வாருமில்லை.

சவ்வாது மலையின் முதற்கதையில், நாய்கள் திரும்பிய அன்றே ஆடவர் இறந்ததாகக் கொள்ளப்பட்டனர். காத்திருக்காத மனைவியரை அக்கதை பழித்ததில்லை. அவர்கள் சொன்ன சொல்லைக் காத்தவர்கள். அவர்களின் வழித்தோன்றல்களான இன்றைய பெண்டிரிடம் அப்படி ஒரு சொல்லைக்கூட எவரும் விட்டுச் செல்லவில்லை. ஆகவே அவர்கள் ஆடிதோறும் புனத்தின் ஓரத்தில் நின்று, இவ்வாண்டு விதைப்பதா வேண்டாவா என்று தாமே முடிவு செய்கின்றனர். மலைபடுகடாம் பாடிய நாட்டில், வாடிய பாணனுக்கு வழி சொன்ன குடிக்கு, வழி சொல்ல வேண்டிய கடன் இப்போது எழுதுவோரிடம் உள்ளது.